ஊறாத ஸ்டாம்பு

நான் அரிசி களையும் பேசினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என் வீட்டுக்காரர். கேட்டால், ஸ்டாம்பு ஊற வைக்க வேண்டுமாம்.

ராமதாஸ் என்று பெயர், வயது அறுபத்தொன்பது, குணம் ஒன்பது வயதுப் பையனுடையது.

டப்ளினில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள் குமுதாவிடமிருந்து காலையில் கவர் வந்திருந்தது. கீழே பெட்டியிலிருந்து அதை எடுத்தவர், லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஏழு மாடி ஏறி வந்திருக்கிறார். மூட்டுவலி எங்கே போச்சோ!

அவள் அங்கே போய் ஆறு வருஷம், அன்றிலிருந்து இதே பாட்டுதான். தினமும் வாட்சப்பில் மகள் முகத்தைப் பார்க்கிறார், பேத்தி ஆடுவதைப் பார்க்கிறார். போனை வைக்கும்போது மட்டும் மறக்காமல், "ஒரு லெட்டர் போடும்மா, ஸ்டாம்பு வேணும்" என்பார்.

பாவம், அவளும் போன தீபாவளிக்கு இன்டர்நெட்டில் ஐநூறு அயர்லாந்து ஸ்டாம்பு வாங்கி அனுப்பினாள். கூரியரில் வந்தது. பொட்டலத்தின் மேல் பார்கோடுதான் இருந்தது. இவர் அதைப் பிரிக்கவே இல்லை. எனக்கு வந்ததே கோபம்! பிள்ளை ஆசையாக அனுப்பியதை இப்படியா அலமாரியில் போடுவது?

இன்றைக்குத்தான் நிஜமாகவே தபாலில் வந்தது. கவரின் மூலையைக் கத்தரித்துத் தண்ணீரில் போட்டார்.

முன்பெல்லாம் கால் மணி நேரத்தில் ஸ்டாம்பு தானாகக் கழன்று மிதக்கும். இது ஒரு மணி நேரமாகியும் அசையவில்லை.

"இப்பல்லாம் ஸ்டிக்கர் ஸ்டாம்புங்க, தண்ணியில வராது" என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீரை மாற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து நாலாம் மாடி முஸ்தஃபா அண்ணன் வந்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து இருவரும் ஸ்டாம்புக் கூட்டாளிகள். அவர்களுக்குள் ஒரு வழக்கம். வெளிநாட்டிலிருந்து யாருக்கு லெட்டர் வந்தாலும் முதலில் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் ஸ்டாம்பில் கை வைக்கலாம். அண்ணனுடைய தம்பி கப்பலில் வேலை செய்தபோது எழுதியதெல்லாம் எனக்கே மனப்பாடம், கராச்சியில் பல்வலி வந்து அழுதது உட்பட. படித்து முடித்ததும் மூவரும் சுடச்சுடப் பால் தே ஆற்றிக் குடிப்போம். அது ஒரு காலம். இவருக்குப் படித்துக் காட்ட ஒன்றும் வராமல் வருஷக்கணக்காகிவிட்டது.

"என்ன தாஸு, படிக்காமலே ஊற வச்சிட்ட? மக என்னா எழுதியிருக்கு, சொல்லுலா!"

இவர் பேசினிலிருந்து நிமிரவில்லை. "நல்லா இருக்காளாம். அங்க மழையாம்."

பெற்றவளுக்கும் காட்டாமல் அப்படி என்ன ரகசியம்? எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மேசையில் கிடந்த கவரை எடுத்து, உள்ளே இருந்த தாளை உருவினேன்.

நான்காக மடித்த வெள்ளைத் தாள்.

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட இல்லை. கவரின் மேல் முகவரியும் அச்சடித்து ஒட்டியதுதான். அப்பா கேட்டது ஸ்டாம்பு, மகள் அனுப்பிவிட்டாள். அவளைச் சொல்லி என்ன?

இவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அட மனுஷா, மகள் கையெழுத்தில் நாலு வரிக்காகவா ஆறு வருஷமும் ஸ்டாம்பு ஸ்டாம்பு என்று அரற்றினாய்? வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா?

"நீயாச்சும் படிம்மா" என்று முஸ்தஃபா அண்ணன் சோபாவில் வாகாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"அன்புள்ள அப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தேன்.