எரியக் கூடாத பல்ப்

அந்த பல்ப் எரியக் கூடாது. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

கார் ஷெட்டில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, புது பேட்டரிக்கும் புது வயருக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பைப் பிடித்தபடி நின்றார் என் கணவர். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்ப் எரியாவிட்டால் வயரிங் சரி. எரிந்தால் எங்கோ தப்பு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். பாவம், நான் அதையே நிபந்தனையாக்குவேன் என்று அவருக்குத் தெரியாது.

எரிந்தால் வண்டி பழைய இரும்புக்கு.

இரும்புக்காரரையும் நானே வரச்சொல்லியிருந்தேன். வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, தோளில் கயிற்றோடு வந்து நின்றார்.

என் மாமனார் வாங்கிய கார் அது. என்னைவிட ஐந்து வயது மூத்தது. போன வருஷம் என் மகள் உள்ளே உட்கார்ந்திருந்தபோது ஸ்டியரிங்குக்குக் கீழே குபுகுபுவென்று புகை. அவளை வாரிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். இந்தக் காரில் இனி என் கால் படாது, என் பிள்ளை காலும் படாது என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

மனிதர் வேலையில் இறங்கிவிட்டார். பேட்டரியைக் கழற்றித் தூர வைத்தார். பழைய வயரை மொத்தமாக உருவிக் கூடத்தில் நீட்டிப் போட்டு, ஒவ்வொன்றாக அளந்து, அதே நிறத்தில் புதிது வெட்டினார். எட்டு மாதம். மாமியார் இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தார்.

விளக்கு, ஹாரன், வைப்பர் என்று எல்லாவற்றுக்கும் புது வயர். முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் சின்னப் பெட்டிக்குள்கூட, மூடியைத் திறந்தால் எரிகிற மாதிரி ஒரு குட்டி விளக்கு. ஃப்ரிட்ஜ் என்று நினைப்பு.

நடுவில் ஒருநாள், சீட்டில் வேர்க்கடலைத் தோல் கிடக்கிறது, எலி வருகிறது, புது வயரைக் கடித்துவிடும் என்று அவர் ஒரே புலம்பல். முன் சீட்டுக்கு அடியில் எலிப்பொறி வந்தது.

எனக்கும் குறை இல்லாமலில்லை. மூன்று நாளாக என் மூக்குக் கண்ணாடியைக் காணோம். உங்கள் வயர் குப்பையோடு சேர்த்து எங்கோ தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்று தினமும் அவரைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

வயரைத் தொட்டார்.

பல்ப் எரிந்தது.

மங்கலாகத்தான். ஆனாலும் எரிந்தது.

அவர் முகம் செத்துவிட்டது. கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து அடித்துச் சாத்தினார். டிக்கியைத் திறந்து மூடினார். பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பல்ப் அப்படியே எரிந்தது.

"கட்டிரலாமாம்மா?" என்றார் இரும்புக்காரர்.

ஜெயித்தவள் நான். சந்தோஷமாகத் தலையை ஆட்டியிருக்க வேண்டும். அவரோ கைத்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஐயோ, கண்ணாடி!

வாயைத் திறந்தால் என் மானம் போகும். திறக்காவிட்டால் கயிறு ஏறிவிடும். இரும்புக்காரர் குனிந்து கொக்கி மாட்ட இடம் தேட ஆரம்பித்துவிட்டார்.

"இருங்க, இருங்க!" என்று கத்திவிட்டு ஓடினேன். முன்கதவைத் திறந்து, சத்தியத்தை எல்லாம் மிதித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். பெட்டி மூடி விரல் அகலம் திறந்து, உள்ளே குட்டி விளக்கு மினுங்கியது. இடையில் என் கண்ணாடிக் கூடு சிக்கியிருந்தது. பக்கத்தில் நான் பாதி படித்த நாவலும் கடலைப் பொட்டலமும்.

கூட்டை உருவி மூடியை அழுத்தினேன். டக்கென்று மூடியது.

"அணைஞ்சிருச்சு!" முன்பக்கத்திலிருந்து அவர் போட்ட சத்தத்தில் இரும்புக்காரர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

அப்பாடா! எட்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. இனி என் பிள்ளை இதில் உட்காரலாம். சீட்டிலேயே சாய்ந்து அழுதுவிட்டேன்.

ஆமாம், மூன்று நாளுக்கு முன் புது பேட்டரி வரும்வரை, தினமும் மத்தியானம் அங்கேதான் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் இருந்தால் மாமியார் ஒரு பக்கம் கூப்பிடுவார், மகள் ஒரு பக்கம் கூப்பிடுவாள். காருக்குள் இருப்பேன் என்று யாருக்கும் தோன்றாது. பேட்டரி இல்லாத கார் என்ன செய்துவிடும்? அது வெறும் சோபாதானே.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கண்ணாடியையும் கடலையையும் நாவலையும் பார்த்தார்.

"பரவாயில்ல, படிச்ச எலிதான்."

இரும்புக்காரர் சிரித்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மாலையில், இனி எதற்கு என்று எலிப்பொறியை எடுக்கப் போனேன். அத்தனை நாளும் விரல் மாட்டிவிடுமோ என்று காலைத் தூக்கி வைத்துக்கொண்டே படித்தவள் நான். பயந்து பயந்து மெதுவாக இழுத்தேன்.

அவர் பொறியின் வில்லை இழுத்து மாட்டவே இல்லை. தீனியும் வைக்கவில்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். வெளியே அவர், ஏற்கெனவே பளபளவென்றிருந்த பானெட்டை என் பக்கம் திரும்பாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

பல்ப் எரிந்தபோது கதவைப் பார்த்தார், டிக்கியைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார். தன் கையாலேயே விளக்கு வைத்த அந்தப் பெட்டிப் பக்கம் மட்டும் மனிதர் போகவே இல்லை.