முழுசா படிக்கணும்

"யோவ், அந்தம்மா மைக்கப் புடுங்குய்யா!"

பேரூராட்சித் தலைவி வள்ளிநாயகி மேசையைத் தட்டிய தட்டில் தண்ணீர் டம்ளர் உருண்டது.

மைக்கைப் பிடித்திருந்தவள் அனுசுயா. மேல்செங்கழனி பேரூராட்சி மன்றத்தின் பதினைந்து உறுப்பினர்களில் எதிர்க்கட்சி என்றால் அவள் ஒருத்திதான். அவளுக்கும் தலைவிக்கும் ஆகவே ஆகாது என்பது ஊரில் திருத்தணி பஸ் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும்.

"மைக்கு எதுக்குங்க? எனக்குத் தொண்டை கீது," என்றாள் அனுசுயா. "ஒவ்வொரு பொருளையும் முழுசா படிக்கணும். படிச்சிட்டு, பேர் சொல்லிக் கூப்ட்டு ஓட்டு எடுக்கணும். ஒரே ஒரு மெம்பர் கேட்டாலும் செஞ்சே ஆகணும்னு ரூல் கீது."

வழக்கமாக மன்றக் கூட்டம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். எழுத்தர் வாயைத் திறப்பார். "ஆல் பாஸ்" என்று எல்லோரும் கை தூக்குவார்கள். கடைசிப் பொருளாக இருக்கும் அனுசுயாவின் தீர்மானம் மட்டும் 'நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது' ஆகிவிடும்.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டில் இருக்கும் பெண்கள் கழிப்பறையைத் திறக்க வேண்டும். கட்டி முடித்த நாளிலிருந்து அது பூட்டிக் கிடக்கிறது. உள்ளே இருப்பது தலைவியின் கணவர், கான்ட்ராக்டர் தீனதயாளனின் சிமெண்ட் மூட்டைகள். அங்கே பூ விற்கும் பெண்கள் விடிந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறார்கள்.

தீனதயாளன் மன்ற உறுப்பினர் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புருவத்தாலேயே மன்றத்தை நடத்துவார். இன்றும் புருவம் ஏறியது. கூடாது என்று அர்த்தம்.

வள்ளிநாயகி செயல் அலுவலர் வரதராஜனிடம் திரும்பினாள். "இன்னா சார், அப்படி ஒரு ரூல் கீதா?"

அவர் தீனதயாளனை ஓரக்கண்ணால் பார்த்தார். "இருக்குங்க மேடம்."

"அப்பறம் இன்னா பண்றது? படிச்சித் தொலைங்க."

எழுத்தர் படித்தார். தெருவிளக்கு பல்பு, கொசு மருந்து, குப்பை வண்டிக்கு மாற்றிய டயர், டயரின் அளவு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொருவராக எழுந்து "ஆதரவு" என்றார்கள். அனுசுயாவும் எல்லாவற்றுக்கும் ஆதரவுதான். என்ன, ஏன் ஆதரவு என்பதையும் விளக்கிச் சொன்னாள். கொசுவைப் பற்றி மட்டும் அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது.

அன்றைக்கு ஆடிப் பரணி. உறுப்பினர் சிங்காரம் மஞ்சள் வேட்டியோடு வந்திருந்தார். உச்சி வேளைக்குள் திருத்தணி மலைக்குக் காவடியோடு கிளம்ப வேண்டும். ஹேமாவதியின் வீட்டிலோ சித்தூர் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கியிருந்தார்கள். அவள் போன் ஓயாமல் அடித்தது.

"பரணி அன்னிக்கிப் போயி எவன்யா கூட்டம் வெச்சது?" என்று சீறினார் சிங்காரம்.

"தலைவிதாங்க தேதி குறிச்சாங்க," என்றார் எழுத்தர்.

"வேற நாள் கெடைக்கல," என்றாள் வள்ளிநாயகி. "ம், படிங்க."

"நான் எழுந்து போறேன்!"

"போங்க. பாதிப் பேரு உங்க பின்னாடியே வருவாங்க. ஆள் பத்தலன்னு கூட்டம் செல்லாமப் பூடும். உங்க வார்டு ரோடு டெண்டரும் அதோட போச்சி."

சிங்காரம் உட்கார்ந்தார். குடிநீர்க் குழாய்க்கு வாஷர் வாங்கிய விவரம் தொடங்கியது. தெருவில் பம்பைச் சத்தம் கேட்டது. அவருடைய காவடிக் கூட்டம் வாசலுக்கே வந்துவிட்டது.

சிங்காரம் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "எம்மா அனுசுயா, உனுக்கு இன்னாதாம்மா வோணும்?"

"என் தீர்மானத்த இப்பவே எடுத்து ஓட்டுக்கு வுடுங்க. மிச்சத்துக்கெல்லாம் நான் ஒரே வார்த்தைல ஆதரவு சொல்லிடறேன். நாளைக்கி கிருத்திகை, காவடிக்கி வர்ற பொம்பளைங்க எல்லாம் நம்ம பஸ் ஸ்டாண்டுலதான் எறங்குவாங்க அண்ணே. உங்க வூட்டுப் பொண்ணுங்களும்தான்."

இந்த முறை புருவம் போதவில்லை. தீனதயாளன் எழுந்தே நின்றுவிட்டார். "வள்ளி! முடியாதுன்னு சொல்லு!"

"நைனா, நீ உக்காரு!" சிங்காரத்தின் குரலில் சாமி வந்த மாதிரி இருந்தது. "அங்க முருகன் காத்துகினு கீறாரு. தீர்மானத்த நான் வழிமொழியறேன்!"

"நானும்!" என்று கைப்பையைத் தோளில் மாட்டியபடியே கத்தினாள் ஹேமாவதி.

மன்றமே கை தூக்கியது. மிச்சப் பொருள்களும் அதே வேகத்தில் 'ஆல் பாஸ்'. கழிப்பறையை இன்றைக்கே காலி செய்து திறந்துவிட வேண்டும் என்று எழுத்தர் எழுதி முடிப்பதற்குள் பாதி நாற்காலிகள் காலி. மூட்டைகளை ஏற்ற லாரி தேடி, போனில் யாரையோ திட்டிக்கொண்டே தீனதயாளன் பைக்கை உதைத்தார்.

"ஒரே ஒரு பொம்பள நின்னுகினு மன்றத்தையே மெரட்றியா? வா என் ரூமுக்கு!" வெளியே இருப்பவர் காதிலும் விழும்படி கத்திவிட்டு வள்ளிநாயகி எழுந்து போனாள். வரதராஜன் அனுசுயாவைப் பாவமாகப் பார்த்தார். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

வள்ளிநாயகி கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாக, பைக் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியில் பொத்தென்று விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சூப்பரா பேசினக்கா! அடுத்த மாசம் அங்கன்வாடிய எடு, அங்கதான் அவரோட டைல்ஸ் கெடக்குது."