டெய்லரின் சட்டை

“அம்மா, கையை எடுங்க. சட்டை அவருது, பட்டனையும் அவர்தான் போடணும்.”

பயிற்சித் தலைவியின் குரலில் அன்பு இருந்தது. அன்பினுள் ஆணையும் இருந்தது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவரின் சட்டையில் இரண்டாவது பட்டனோடு மல்லுக்கு நின்ற மனைவி, திடுக்கிட்டுத் தன் வலக்கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.

கட்டிலைச் சுற்றி அவருக்கு வைத்தியம் பார்க்கும் ஐவர்: டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், அன்றாடக் காரியங்களைப் பழக்குபவர், மனநல ஆலோசகர். விழுந்த ஒருவரைக் குழுவாகச் சேர்ந்து எழுப்புவது எப்படி என்று கற்க வந்தவர்கள். காலை முழுவதும் ஒற்றுமையின் பெருமையை உரையாகக் கேட்டிருந்தார்கள்.

“இவர் ஏன் இன்னும் பட்டன் போடலை? குழுவா யோசிச்சுச் சொல்லுங்க.”

ஐம்புலன்களைப் போல் ஐவரும் ஆளுக்கொரு திசையில் இழுத்தனர்.

“தோள்ல பலம் வந்தாச்சு. என் பக்கம் குறை இல்லை,” என்றார் பிசியோதெரபிஸ்ட்.

“விரலும் மடங்குது. பழக்கினவ நான்,” என்றார் பழக்குபவர். “மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்திருந்தா எப்பவோ போட்டிருப்பார்.”

“கொடுக்கறது ஒருநாளும் தவறினதில்லை,” என்றார் நர்ஸ். “எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்க.”

எழுதிக் கொடுத்த டாக்டர், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். “மூளை வழிவிட்டாச்சு. மனசுதான் விடலை போல.”

மனநல ஆலோசகர் திருவாய் மலர்ந்தார். “ஐயா டெய்லர். காலமெல்லாம் ஊருக்கே பட்டன் தைச்சவர். பட்டனைப் பார்த்தாலே விட்டுப்போன தொழில் ஞாபகம் வருது. ரொம்ப ஆழமான துக்கம்.”

ஆழமான துக்கத்துக்கு உரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாருமே தப்பு,” என்றார் தலைவி. “காரணம் இந்த அம்மா. ஒரு சட்டையை மாட்டிவிட அரைமணி நேரம் கொஞ்சிக்கிட்டு நிக்கறாங்க. அம்மா, உங்க பாசம்தான் அவரைப் படுக்கையிலேயே வெச்சிருக்கு. அவரா பட்டன் போடற வரைக்கும் நீங்க உள்ள வர வேண்டாம்.”

அன்று முதன்முறையாக ஐவரும் ஒருமித்துத் தலையசைத்தனர்.

“சாப்பாடாவது ஊட்டிட்டு...”

“அதுவும் வேண்டாம்மா.”

மனைவி கணவரைப் பார்த்தாள். “நான் வெளியிலதான் இருக்கேங்க. முறைக்காம அவங்க சொல்றபடி கேளுங்க.”

கதவு மூடியது.

டெய்லர் புறாவைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குனிந்தார். இடக்கையால் சட்டையைப் பற்றி, வலக்கை விரல்களால் மேலிருந்து கீழ்வரை பட்டன்களை மளமளவென்று மாட்டி முடித்தார். போதாதென்று காலரையும் நீவிவிட்டுக்கொண்டார்.

அறை கைதட்டலில் அதிர்ந்தது.

“நான்தான் சொன்னேனே, தோள்...”

“தோளா பட்டன் போட்டுச்சு? விரல் சார்.”

“துக்கம் கரைஞ்சிடுச்சு,” என்றார் ஆலோசகர்.

தலைவியின் முகம் மலர்ந்தது. “இதுக்குப் பேர்தான் குழு. வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

ஐவரும் தலைவியும் கட்டிலை மறைத்து நின்று புன்னகைத்தனர். படத்தில் நோயாளியின் காது ஒன்று மட்டும் விழுந்தது.

“இப்ப அவளை உள்ள விடலாம் இல்லையா?” என்று பின்னாலிருந்து கேட்டது டெய்லரின் குரல்.

“தாராளமா. நர்ஸ், அந்த அம்மாவை வரச் சொல்லுங்க.”

நர்ஸ் கதவை நோக்கி நடந்தார். டெய்லர், போட்ட பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

“என்னய்யா பண்றீங்க? இவ்வளவு அழகாப் போட்டுட்டு...”

“போன வருஷம் வாதம் வந்து அவளுக்கு வலக்கை விழுந்துடுச்சு. பயிற்சின்னு யார் எதைக் கொடுத்தாலும், கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துடுவா. என் சட்டைன்னா மட்டும்தான் அந்த விரல் அசையுது.” கடைசிப் பட்டனையும் கழற்றிவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். “எனக்குப் பட்டன் போட வரும்னு தயவுசெஞ்சு அவகிட்ட யாரும் சொல்லிடாதீங்க.”