செவலை மென்ற நாவல்

“இந்த வீட்டு நாவலுக்குப் பரிசு வாங்கிக் குடுத்ததே எங்க செவலைக் காளைதாங்க. மொத்தத்தையும் மென்னு, ரெண்டு தடவை அசை போட்டுப் பாத்துட்டு, சரியில்லைன்னு சொல்லிருச்சு.”

அன்னவாசல் பக்கம், மறைந்த எழுத்தாளர் ஒருவரின் வீட்டை நினைவில்லமாக்கியிருந்தார்கள். கூடத்தில் அவர் எழுதிய மேசை, படுத்த கட்டில் எல்லாம் அப்படியே இருந்தன. நடுவில், துணி சுற்றிய ஒரு படத்தோடு நின்றார் நாகராசு, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

டிக்கெட் கிழிக்கும் திலகவதி சிரித்துவிட்டாள். பொறுப்பாளர் கோபிநாத் சிரிக்கவில்லை.

“இந்த வீட்டுக்குள்ள எந்த மாடும் வந்ததில்லைங்க.”

“முப்பத்தஞ்சு வருசம் இருக்கும். ஜல்லிக்கட்டுல அவுத்துவிட்டோம். வாடிவாசலைத் தாண்டுன வேகத்துல ஆளையே காணோம். தேடிக்கிட்டு வந்தா, இந்தா இங்கிட்டு நின்னு கத்தை கத்தையா காகிதம் மேயுது. ஐயா ஒரு வார்த்தை திட்டலை. மொதல்லேருந்து எழுதுனாரு. ‘பழசை விட இது நூறு மடங்கு தேவலை நாகராசு’ன்னாரு.”

“வாசல் இத்துணூண்டு. காளை எப்படிங்க நுழையும்?”

“வயித்தை எக்கிக்கிட்டு வந்துச்சுங்க.”

“எங்க சார்கிட்டயே மாட்டுக் கதையா?” என்றாள் திலகவதி. “அந்தக் காலத்துல சாரு பெரிய மாடுபிடி வீரரு. அவருக்குத் தெரியாத காளையே இல்லை.”

“அதான் சொல்றேன், நடக்கவே இல்லை” என்றார் கோபிநாத்.

நாகராசு துணியைப் பிரித்தார். படத்திலிருந்து செவலை முறைத்தது. கோபிநாத் சட்டென்று மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

“மகனோட சென்னைக்குப் போறேன். அங்க வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாதாம். இத்தனை வருசம் எங்க வீட்டுச் சுவத்துல ராசா மாதிரி இருந்துச்சு. பரண்ல போட மனசு வரலை. இங்க ஒரு ஓரம் குடுங்க.”

“சாட்சி இல்லாம மாட்ட முடியாதுங்க.”

“ஐயாவும் இல்லை, காளையும் இல்லை. சாட்சிக்கு நான் எங்க போவேன்?”

நாகராசு படத்தை மறுபடி சுற்றினார். முடிச்சுப் போட வரவில்லை. அப்படியே அணைத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

கோபிநாத் பின்னாலேயே ஓடி வந்தார். திலகவதி காதில் விழாதபடி குனிந்தார்.

“குடுங்க, மாட்டுறேன். நடந்தது நெசந்தான். ஆனா கட்டிலுக்கு நேரா மட்டும் வேணாங்க. அன்னைக்கு ஒங்க காளை நாவலைத் தின்னு முடிக்கிற வரைக்கும், அந்தக் கட்டிலுக்கு அடியிலதான் நான் கெடந்தேன்.”