ஸ்பீக்கர் வேண்டாம்

"ஆம்பிளிஃபயர் வால்வு சூடாகணும் அண்ணே, கொஞ்சம் பொறுங்க," என்றான் சேதுராமன்.

வேலாயுதம் நாற்காலியில் சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்த கண் எரிந்தது. காஜா பேராங் சாலை மளிகைக்கடைச் சுவரில் 'ஆம்பிளிஃபயர் மலிவு விலைக்கு' என்ற சீட்டைப் பார்த்ததும் நேராக இங்கே வந்திருந்தார்.

சேதுராமன் கிடார் கம்பியைத் தட்டினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"வேற ஆம்பிளிஃபயர் இருக்கா தம்பி?"

"இது ஒண்ணுதான்."

ஏன் விற்கிறான் என்று வேலாயுதம் கேட்கவில்லை. பேரமும் பேசாமல் எழுபது வெள்ளியை நீட்டினார்.

"ஸ்பீக்கர் எடுத்துக்கலையா? அது இல்லாம சத்தமே வராதே."

"வேண்டாம். இது போதும்."

"வீடு தூரமா? தூக்கிட்டு வரட்டுமா?"

"பக்கத்துலதான்."

பெட்டியைப் பின்சந்து வழியாகச் சுமந்துபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அக்கடா என்று படுத்தார். மூன்று மாதத்தில் அன்றுதான் பகலில் தூங்கினார்.

மறுநாள் காலை, படுத்த அரை மணியில் பலகைச் சுவரே ஆடியது. மூன்று மாதமாக மூடியே வைத்திருந்த ஜன்னலைத் திறந்தார்.

சந்துக்கு அந்தப் பக்கத்து ஜன்னலில் கிடாரோடு சேதுராமன்.

"அண்ணே, நீங்க இங்கேதான் இருக்கீங்களா? உங்க காசோட கொஞ்சம் போட்டு இதைவிடப் பெரிசா ஒண்ணு வாங்கிட்டேன், மெர்டேகா சுதந்திர தினக் கச்சேரிக்கு. பழைய ஸ்பீக்கரே தாங்குது. உங்க பெட்டியையும் எடுத்துட்டு வாங்க, ரெண்டையும் சேர்த்தே வாசிக்கலாம்."