ஒரு கட்டை கீழே

"ஏண்டா, மறுபடியும் சுருதியை ஒரு கட்டை கீழே பிடிச்சிருக்கே! காது இருக்கா, இல்ல அதையும் பேரன்கிட்ட விளையாடக் கொடுத்துட்டியா?"

கிட்டாரின் வயிற்றில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார் 'கம்பி'.

கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்த 'பெட்டி', மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார். "கை தவறிடுச்சுடா. பரவாயில்ல, இதுலேயே போயிடுவோம்."

"நேத்தும் இதையேதான் சொன்னே! உனக்காக நான் தினம் கிட்டார் கம்பியை இறக்கிக்கிட்டு உட்காரணுமா?"

அச்சாபீஸில் ஒன்றாக வேலை பார்த்த நாளில் மூவருக்கும் ஒட்டிக்கொண்ட பெயர்கள் இவை. கிட்டார் வாசித்தவர் கம்பி, ஆர்மோனியம் வாசித்தவர் பெட்டி, பாடியவர் குயில். அந்தக் காலத்தில் ஆபீசில் யாருக்குக் கல்யாணமென்றாலும் இவர்கள் கச்சேரிதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அச்சாபீஸின் பழைய ஆட்களெல்லாம் ஒன்றுகூடுகிறார்கள். "நம்ம பாட்டு இல்லாமலா?" என்று ஆரம்பித்து வைத்ததே கம்பிதான். குயில் வீட்டுக் கார் ஷெட்டில் ஒத்திகை. அந்தக் கச்சேரிகளில் தபேலா வாசித்தவர் மகளோடு வெளியூர் போய்விட்டதால், தாளமும் பெட்டியின் கீபோர்டிலிருந்தே வந்தது.

கம்பிக்கு அந்த நாட்கள் மறக்கவில்லை. ரேடியோவில் புதுப் பாட்டு வருகிற நேரத்தில் மூவரும் டீக்கடை வாசலில் ஆஜராகிவிடுவார்கள். முதல் வரியை ஒருத்தர் எழுத வேண்டும், அடுத்த வரியை இன்னொருத்தர். மூன்றாவது வரி பெட்டியின் பொறுப்பு. அவரோ வாயைப் பிளந்து பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றுவிடுவார். ஓட்டை விழுந்த பாட்டோடு, ஒரே சைக்கிளில், சண்டை போட்டுக்கொண்டே திரும்புவார்கள். ஆனால் மெட்டு மட்டும் பெட்டியின் விரலில் இம்மி பிசகாமல் வந்து உட்கார்ந்திருக்கும்.

அப்பேர்ப்பட்ட காதுக்கா இந்தக் கதி?

"குயிலைப் பாரு. இந்த வயசுலயும் சரணத்துல மேலே போறப்போ குரல் பிசிறுதா? என் விரலைப் பாரு, அதே வேகம்தானே? நீ ஒருத்தன்தான்டா மூணு பேர் மானத்தையும் வாங்கப் போறே!"

"விடுடா, அவனுக்கு வயசாயிடுச்சு" என்றார் குயில், பெருந்தன்மையாக. "எனக்கு ஏதோ குரல் அப்படியே நிக்குது. எல்லாருக்கும் அப்படி அமையுமா?"

பெட்டி அதற்கும் தலையாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் கம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன் வந்து பெட்டி வெளியே போனதும், கம்பி எழுந்தார். சுருதி மாற்றுகிற பட்டன் எது என்று பார்த்துப் பார்த்தே பழகியிருந்தது. பழைய கட்டைக்கே ஏற்றி வைத்தார். தன் கம்பிகளையும் முறுக்கிச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்தார்.

திரும்பி வந்த பெட்டி வாசிக்கத் தொடங்கினார். எடுத்த எடுப்பிலேயே முகம் மாறிவிட்டது. நிறுத்தக் கையைத் தூக்குவதற்குள் குயில் பாட ஆரம்பித்துவிட்டார்.

பல்லவி ஒருவழியாகத் தாண்டியது. சரணம் வந்தது. மேலே ஏறுகிற இடத்தில் குயிலின் குரல் விரிசல் விட்டது. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி முயன்றார். வெறும் காற்றுதான் வந்தது.

மைக்கைக் கீழே இறக்கினார். தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எனக்கு என்னடா ஆச்சு?" குயிலின் முகம் வெளிறியிருந்தது. "நான் ஞாயிற்றுக்கிழமை வரலடா. வேற யாரையாவது பார்த்துக்கோங்க."

"உனக்கு ஒண்ணும் ஆகல!" பெட்டி பதறி எழுந்தார். "நான்தான் மடையன். கண்ணு தெரியாம ரெண்டு கட்டை ஏத்தி வச்சுட்டேன். இதுல எவனால பாட முடியும்?"

குயிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதானே பார்த்தேன்! படுபாவி, ஆளைக் கொல்லப் பார்த்தியே! கம்பி, நீ சொன்னது சரிதான்டா. இவனை வச்சுக்கிட்டு..." தண்ணீரைக் குடிப்பதும் திட்டுவதுமாக டம்ளரைக் காலி செய்தார்.

எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட பெட்டி, சுருதியை இறக்கினார். கம்பி குனிந்த தலை நிமிராமல் கிட்டார் கம்பிகளைத் தளர்த்தினார்.

இந்தத் தடவை குயில் அந்த இடத்தை அலட்டிக்கொள்ளாமல் தொட்டார். தொட்டுவிட்டு மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஒத்திகை முடிந்து தெருவில் நடந்தபோது, கீபோர்டுப் பையின் ஒரு பக்கத்தைக் கம்பி பிடித்துக்கொண்டார்.

"அவனால முடியலன்னு முதல் நாளே தெரியுமாடா உனக்கு?"

"ம்."

"வாய்க்கு வந்தபடி திட்டினேனே, எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தியே!" எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அது யார் மேல் என்றுதான் அவருக்கே தெரியவில்லை.

பெட்டி அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"சொல்லியிருக்கலாம். சுருதியை அவனுக்காக இறக்கினேன்னு சொன்னா, தாளத்தோட வேகத்தை யாருக்காகக் குறைச்சேன்னு அடுத்து கேட்பியேடா!"