மூன்றாவது வாரம்

சிரிஞ்சில் மருந்து பாயிண்ட் இரண்டு மில்லியைத் தொட்டதும் என் கை நின்றுவிட்டது.

போட வேண்டியது பாயிண்ட் நாலு. அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, தொடையைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஊசி என்பது எங்கள் வீட்டில் பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது.

மூளைக்கு அடியில் இருந்த ஒரு சின்னக் கட்டியை எடுத்ததிலிருந்து என் வீட்டுக்காரரின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதில்லை. ஆம்பிளைக்கு வேண்டிய ஹார்மோன். ஊசி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

முதலில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மில்லி. அப்பப்பா!

முதல் வாரம் மனுஷன் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார். வண்டி நிறுத்தும் இடத்துக்காகக் கீழ்வீட்டுக்காரரோடு சட்டையைப் பிடிக்காத குறை. இரண்டாவது வாரம் தங்கம். மூன்றாவது வாரம் காற்றுப் போன பலூன். லிஃப்ட் மெக்கானிக் அவர், பத்து மாடி ஏறி இறங்கும் ஆள். வேலை முடிந்து வந்தால் டூல் பையை வாசலிலேயே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். டிவியில் சோப்பு விளம்பரம் வந்தாலும் அழுவார்.

அந்த அழுகையில்தான் எங்கள் மகளைப் பற்றிப் பேசுவார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பிறந்தவள். இரண்டு நாள் இருந்தாள். பிரசவத்தில் ரத்தம் போய் நான் கண் விழித்தது நாலாவது நாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. போட்டோகூடக் கிடையாது. நான் பெற்ற பிள்ளையின் முகத்தை நான் பார்த்ததில்லை. மாமியார் ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. எடுத்துச் சொல்ல இவரை விட்டால் ஆளில்லை. இவரோ கல்லுளிமங்கன். கேட்டாலே எழுந்து போய்விடுவார்.

மூன்றாவது வாரங்களில்தான் அந்த வாய் திறந்தது.

இடது காது மடல் ஓரத்தில் மடிந்திருந்ததாம், என்னுடையது மாதிரியே. சுண்டுவிரலை நீட்டினால் பிடித்த பிடியை விடமாட்டாளாம். கொட்டாவி விட்டால் தாடை நடுங்குமாம். ஒவ்வொரு சரிவுக்கும் ஒன்று.

அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ம், அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். புருஷன் துவண்டு கிடக்கிறார், நான் பாவி, அடுத்த மூன்றாவது வாரம் எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தாளா என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்கு என்று ஒதுக்கி வைத்துவிடுவேன்.

அதற்குள் டாக்டர் அளவை மாற்றிவிட்டார். வாரம் ஒருமுறை, பாயிண்ட் நாலு. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டருக்கே வாயெல்லாம் பல். என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று மாமியார் போன் போட்டு எல்லோரிடமும் சொன்னார்.

என் பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒன்பது வாரமாக அவர் அழவில்லை. தானாகவும் பேசவில்லை. நானாக ஒருநாள் பேச்சை எடுத்ததற்கு, "அதெல்லாம் எதுக்கும்மா இப்போ?" என்று சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போய்விட்டார்.

அதனால்தான் இன்று பாயிண்ட் இரண்டு. நாலைந்து வாரம் இப்படியே போட்டால் மனுஷன் தன்னால் சரிந்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். தப்புதான். தெரிந்தேதான் குப்பியிலிருந்து ஊசியை உருவினேன்.

முணுமுணுப்பு நின்றது. எவ்வளவு நேரமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. அவர் கண் சிரிஞ்சின் கோட்டில் இருந்தது.

"கொறைச்சுப் போட்டாலும் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார். "நான் அவளைப் பார்க்கவே இல்ல. ரெண்டு நாளும் அவளை வெச்சிருந்த ரூம் கதவு வரைக்கும் போய் நின்னேன். உள்ள போகத் தைரியம் வரல. கடைசியில எங்கண்ணன்தான் அவளை வாங்கி அடக்கம் பண்ண எடுத்துட்டுப் போனாரு. துணிய விலக்கிக் காட்டட்டுமாடான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன். இப்ப அவரும் இல்ல."

அப்போ காது? விரல்? கொட்டாவி? என் முகமே கேட்டிருக்க வேண்டும்.

"நீ அப்புறம் அப்புறம்னு கேட்டுக்கிட்டே இருந்தே. இல்லன்னு சொல்ல என்னால முடியல. இப்பத்தான் சொல்லத் தெம்பு வந்திருக்கு."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டாக்டர் கண்டுபிடித்தது சரியான அளவுதான்.

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஊசியை மறுபடி குப்பிக்குள் ஏற்றி, மீதி மருந்தை இழுக்கப் பார்த்தேன். கண் கலங்கியதில் கோடு எது, எண் எது என்று ஒன்றும் தெரியவில்லை.

"கொஞ்சம் இருங்க," என்றேன்.